20-ஐ விட்டுத்தள்ளுங்கள்: பப் டார்ட்ஸ் லீக்கில் புதியவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காக இங்கிலாந்து வந்து டெர்பிஷயரில் ஒரு சிறு நகரத்தில் குடியேறிய முதல் குளிர்காலம். பக்கத்துத் தெரு பப்பில் டார்ட்ஸ் (சுவரில் மாட்டிய வட்ட போர்டில் சிற்றம்பு எறியும் ஆட்டம்) டீமுக்கு ஓர் ஆள் குறைந்தது. எறியத் தெரியுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வியாழக்கிழமை தவறாமல் வருவாயா என்றுதான் கேட்டார்கள். அதுதான் முக்கியமான கேள்வி என்று புரிய எனக்கு ஒரு சீசன் ஆனது. லூக் லிட்லர் 17 வயதில் 2025 ஜனவரியில் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்து ஆசையோடு சேர்ந்த நம் பையன்கள் சிலரை அப்புறம் பார்த்தேன். எல்லோருக்கும் போர்டைப் பற்றித்தான் பயம். குறி தப்பியதற்காக அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பதெல்லாம் எறியாமல் நிற்கும் நேரத்தில் செய்யும் காரியங்களுக்கு.

முதலில் வாய். கேரம் ஆடி வளர்ந்தவன் நான். எதிராளி ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்ததும் ஏதாவது சொல்லிக் கலைப்பது எங்கள் தெருவில் ஆட்டத்தில் பாதி. இங்கே ஒருவர் கோட்டில் நின்று கையைத் தூக்கிவிட்டால் அவர் பின்னால் பேச்சு அடங்கிவிட வேண்டும். அந்தக் கோட்டுக்கு ‘ஓக்கி’ என்று பெயர். பார்வையில் படுகிற மாதிரி பக்கவாட்டில் நிற்கவும் கூடாது. கிண்டல், கூச்சல் எல்லாம் மூன்று டார்ட்டையும் உருவிக்கொண்டு அவர் திரும்பிய பிறகுதான். நல்ல எறி என்றால் எதிர் டீமாக இருந்தாலும் பாராட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்காமல் நகர்வது பெரிய மரியாதைக் குறைவு.

அடுத்தது கணக்கு எழுதுவது. போர்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆளின் எண்ணிக்கையையும் 501-இலிருந்து கழித்து எழுதுபவர் மார்க்கர். இந்தியர் என்றால் கணக்குப் புலி என்று நினைத்தோ என்னவோ, இரண்டாவது வாரமே சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மானம் போன நாள் அது. கழித்தல் தெரியாமல் இல்லை. முப்பது பேர் பார்க்கும்போது 301-இலிருந்து 85 கழிப்பது வேறு வித்தை. அதைவிட மோசம், எறிபவரின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கர் போர்டைப் பார்த்துக் கல்லாய் நிற்க வேண்டும். எறிபவர் கேட்டால் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு பாக்கி என்று சொல்லலாம். எந்த டபுளுக்கு (விழுந்த எண்ணை இரட்டிப்பாக்கும் வெளி விளிம்பு வளையம்) போக வேண்டும் என்று சொல்லக் கூடாது. சொந்த டீம் ஆளாக இருந்தாலும் சரி. நான் நல்லெண்ணத்தில் ஒருவருக்கு வழி சொல்லப்போய், எதிர் டீம் கேப்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். எறிபவர் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு: மார்க்கர் எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன்பே டார்ட்டை உருவிவிடுவது. கறாரான ஆளிடம் மாட்டினால் அந்த எறிக்குப் பூஜ்யம்தான்.

சரி, போர்டுக்கு வருவோம். டிவியில் எல்லோரும் டிரெபிள் 20-க்கு (எண்ணை மூன்று மடங்காக்கும் உள் வளையத்தின் 20) எறிவதால் புதிதாக வருபவரும் உச்சியையே குறிவைக்கிறார். 20-க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. போர்டில் எண்களை இப்படி அடுக்கியதே கை நடுங்குபவரைத் தண்டிக்கத்தான். ஒன்று 20-இல், ஒன்று 5-இல், ஒன்று 1-இல் விழுந்து மொத்தம் 26 வரும். இது எல்லோருக்கும் அடிக்கடி நேர்வதால் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’. பழைய காசில் ஓர் இரவுத் தங்கலும் காலைச் சாப்பாடும் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பதால் வந்த பெயராம். 26 எறிந்ததும் முழு பப்பும் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும். ஹோட்டல் விளம்பரம் என்று நினைத்து முழிக்க வேண்டாம்.

20-ஐ விட்டால் எங்கே எறிவது? 19-க்கு அக்கம்பக்கம் 3, 7. 16-க்கு 7, 8. 14-க்கு 9, 11. அதாவது போர்டின் இடது பக்கம், கீழ்ப்பாதி, தப்பினாலும் பட்டினி போடாத இடம். 2011-இல் ஸ்டான்ஃபோர்ட் புள்ளியியல்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டியதும் கிட்டத்தட்ட இதுதான்: கை மிகக் கச்சிதமாக இருந்தால் டிரெபிள் 20, சற்றுச் சிதறினால் டிரெபிள் 19, அதற்கும் மேல் சிதறினால் குறி இடது பக்கமாக நகர்ந்து, ‘புல்’ (bull) எனப்படும் நட்டநடு வட்டத்தை நெருங்க வேண்டும். என் கை மூன்றாவது ரகம். வெட்கத்தை விட்டு இடது பக்கம் போன பிறகுதான் எண்ணிக்கை ஏறியது.

ஆனால் லெக் (501-இலிருந்து பூஜ்யம் வரை ஓர் ஆட்டம்) தோற்பது எண்ணிக்கையில் அல்ல, டபுளில். 501-ஐச் சரியாகப் பூஜ்யமாக்க வேண்டும். கடைசி டார்ட் டபுள் வளையத்திலோ, நடு புல்லிலோ விழ வேண்டும். மீறினாலோ, 1 மட்டும் மிஞ்சினாலோ ‘பஸ்ட்’. அந்த முறை எறிந்தது எதுவும் சேராது. ஒரு முறை எனக்கு 20 பாக்கி. டபுள் 10-க்கு எறிந்தது பக்கத்து 15-இல் விழுந்தது, மிச்சம் 5. அடுத்து 1 எடுத்தால் டபுள் 2 கிடைக்கும் என்று 1-க்குக் குறிவைத்தேன். போய் உட்கார்ந்தது 18-இல். பஸ்ட், மறுபடி 20. அது தெரியாமல் மூன்றாவதையும் ஓங்கி எறிந்தேன். மார்க்கர் பொறுமையாக அதையும் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

இதற்கு வைத்தியம் 32-இல் வந்து நிற்பது. டபுள் 16-க்கு எறிந்து உள்பக்கம் தவறி வெறும் 16 விழுந்தால் பாக்கி 16, அது டபுள் 8. அதிலும் அப்படியே தவறினால் டபுள் 4, பிறகு டபுள் 2, பிறகு டபுள் 1. பாதி பாதியாக ஐந்து வாய்ப்பு. டபுள் 20-இல் அப்படித் தவறினால் டபுள் 10, டபுள் 5. அதிலும் தவறினால் 5 என்ற ஒற்றைப்படையில் மாட்டிக்கொள்வீர்கள். டபுள் 1 வரை இறங்கிவிட்டால் அந்த இடத்துக்கு ‘மேட்ஹவுஸ்’, பைத்தியக்கார விடுதி என்று பெயர். உள்ளே போனவர் சீக்கிரம் வெளியே வருவதில்லை.

வீட்டில் போர்டு மாட்டிப் பழகுவது நல்லதுதான். பலர் தூரத்தைச் சுவரிலிருந்து அளக்கிறார்கள். அளக்க வேண்டியது போர்டின் முகத்திலிருந்து, 2.37 மீட்டர். தரையிலிருந்து புல்லின் நடு 1.73 மீட்டர் உயரம். வாடகை வீடு என்றால் போர்டைச் சுற்றி ஃபோம் வளையம் போடுங்கள். இல்லையென்றால் அட்வான்ஸ் பணம் ஓட்டை ஓட்டையாகக் கரையும். மான்செஸ்டர் பக்கம் வேலை மாறினால் இன்னொரு விஷயம்: அங்கே சில பப்களில் இன்னும் பழைய மான்செஸ்டர் போர்டு. அளவில் சிறியது, டிரெபிள் கிடையாது, எண் வரிசையே வேறு. சேருமுன் எந்த போர்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம்: கவுண்டரும் சாப்பாடும். ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்து இன்னொருவர். இந்த முறைக்கு ரவுண்ட் என்று பெயர். வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது கழிவறைப் பக்கம் போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மறக்கவும் மாட்டார்கள். குடிக்காதவர் தயங்கவே வேண்டாம். ஆரஞ்சு ஜூஸும் லெமனேடும் கலந்து கேளுங்கள், உங்கள் முறைக்கு நீங்களும் வாங்குங்கள். வெளியூர் ஆட்டத்துக்குக் கார் ஓட்டத் தெளிவான ஓர் ஆள் இருப்பது டீமுக்கே வரம். ரவுண்ட் கட்டுப்படியாகாது என்றால் ‘எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடலாம், தவறில்லை.

பாதி ஆட்டத்தில் சாண்ட்விச், சிப்ஸ், சாசேஜ் ரோல் வரும். நம் ஊரில் மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் இலையில் உட்காருவோம். இங்கே முதல் ‘வேண்டாம்’தான் கடைசி ‘வேண்டாம்’. தட்டு அப்படியே அடுத்த மேசைக்குப் போய்விடும். முதல் மூன்று வாரம் இப்படி மரியாதை பார்த்துப் பட்டினியாக வீடு திரும்பினேன். பன்றி, மாடு சாப்பிட மாட்டீர்கள் என்றால் அன்று இரவு தட்டைப் பார்த்து முகம் மாறாமல், முந்தைய வாரமே கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் பப்பில் அதற்கப்புறம் ஒரு சீஸ் சாண்ட்விச் தட்டு தனியாக வந்தது.

கவுண்டரில் இருந்த அம்மா என்னை ‘மீ டக்’ என்று கூப்பிட்டபோது வாத்து என்கிறாரே என்று சுருக்கென்றது. இந்த வட்டாரத்தில் அது ‘கண்ணு’ மாதிரி. பட்டப்பெயரும் வரும், ஆட்டத்தைக் கிண்டல் செய்வார்கள், திருப்பிச் செய்யலாம். நிறத்தையோ ஊரையோ இழுத்தால் அது கிண்டல் இல்லை. சிரித்து மழுப்பாமல் அன்றே கேப்டனிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஊருக்குப் போகும் லீவு. சீசன் நடுவில் ஒரு மாதம் காணாமல் போகப் போகிறீர்கள் என்றால் டிக்கெட் போட்ட அன்றே சொல்லுங்கள். பதிவு செய்யாத ஆளைக் கடைசி நேரத்தில் இறக்கினால் எங்கள் லீக்கில் புள்ளியைப் பிடுங்கிவிடுவார்கள். டார்ட்டைக் கூடவே எடுத்துப் போவதென்றால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பையில் டார்ட் கொண்டுபோக முடியாது. நான் வைத்தேன், இரண்டு வருடம் கைக்குப் பழகிய 23 கிராம் டார்ட் மூன்றும் ஸ்கேனர் பக்கத்துத் தொட்டிக்குள் போயின. திரும்பி வந்து கேப்டனின் இரவல் டார்ட்டை எறிந்தேன். அது 26 கிராம். பிப்ரவரி முழுக்க எல்லாம் ஒரு விரல் கீழேயே விழுந்தன.