பூட்டிய வீட்டின் சோலார் ஹீட்டர்: கசிவையும் காற்றடைப்பையும் நீக்கும் முறை

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, கலியாணத்துக்கோ முன்னோர் வழிபாடான படைப்புக்கோ பங்காளிகள் கூடும் சில நாள்களில் மட்டும் ஆள்நிறைந்து இருக்கின்றன. விடியற்காலையில் முப்பது பேருக்கு வெந்நீர் வேண்டியிருக்கும் அந்த நாள்களில்தான் மாடியிலுள்ள சோலார் ஹீட்டர் ஏமாற்றுகிறது: குழாயைத் திறந்தால் காற்றுச் சீறுகிறது, நாலு சொட்டு வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. உடனே குழாயைத் தட்டுவதும் மோட்டாரை மறுபடி ஓட்டுவதும் வழக்கம். ஆனால் காற்று எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று பார்க்காமல் அதை வெளியேற்றினால், ஒரு வாரத்தில் அது திரும்பி வந்துவிடும். ஆகவே கசிவை முதலிலும் காற்றை இரண்டாவதாகவும் கவனிக்க வேண்டும் என்பதே என் அனுபவம்.

கசிவைச் சிறிதென்று விடக்கூடாததற்கு நம் வீடுகளின் கட்டுமானமே காரணம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளத்தில், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழும் நீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டராகச் சேர்ந்து காரைக்குள் இறங்குகிறது. வீடு பூட்டியிருப்பதால் ஈரத்தை எவரும் பார்ப்பதில்லை. உத்தரத்தில் கறையான் ஏறிய பிறகே தெரியவருகிறது. பர்மாவிலிருந்து வந்த தேக்கை இன்று எந்த விலைக்கும் அப்படியே திரும்பப் பெற முடியாது.

கசிவு இருக்கிறதா என்று அறிய இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு வீட்டின் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மாடித்தொட்டியின் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, காலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு சோலார் ஹீட்டருக்குள் தண்ணீர் செல்லும் கேட் வால்வையும் மூடிவிட்டு அதையே செய்யுங்கள். இம்முறை மட்டம் இறங்காவிட்டால் கசிவு சோலார் பக்கம் இருக்கிறது. இறங்கினால் குளிர்நீர்க் குழாயிலோ தொட்டியிலோ இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு வெயில் ஏறுமுன் மாடிக்குச் செல்ல வேண்டும். எல்லா இணைப்புகளையும் துணியால் உலரத் துடைத்து, அடியில் செய்தித்தாளை விரித்து, அரை மணி நேரம் பொறுத்தால் நனைந்த இடம் தெரிந்துவிடும். சம்பை ஊற்று நீரைக் கொண்டாடும் காரைக்குடியிலும் குளிப்பதற்கு மாடித்தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதிலுள்ள உப்பு, கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடாகப் படிந்திருப்பதால், இப்போது சொட்டாத பழைய கசிவையும் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும். ஹீட்டர் தொட்டியின் அடியில் சொட்டினால் தொட்டியே ஓட்டை என்று முடிவு செய்துவிட வேண்டாம். வெயிலை வாங்கி நீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழாயும் தொட்டியும் சேரும் இடத்திலுள்ள சிலிக்கான் ரப்பர் வளையம் தளர்ந்தால், நீர் வெளித்தகட்டுக்குள் ஓடி வேறோர் இடத்தில் விழும். ஒவ்வொரு குழாயின் கழுத்தையும் விரலால் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

வளையத்தை மாற்ற வேண்டுமானால், உள்வரும் வால்வை மூடி, தொட்டியின் நீரை வடித்துவிட்டு, அடித்தாங்கியைத் தளர்த்தி, கண்ணாடிக் குழாயை மெல்லத் திருகியபடி உருவ வேண்டும். தொட்டி வடிந்த பிறகும் குழாய்க்குள் நீர் நிற்கும் என்பதை மறக்கக்கூடாது: 58 மில்லிமீட்டர் விட்டமும் 1,800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வழக்கமான குழாயில் இரண்டரை லிட்டருக்கு மேல் இருக்கும், பகலில் அது கொதிநீர். புதிய வளையத்துக்குச் சோப்பு நீரைத் தடவினால் குழாய் எளிதாக உள்ளே போகும். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம். குழாயின் அடிமுனையில் வெள்ளிப்பூச்சு கண்ணாடிபோல் மின்னினால் அதன் இரட்டைச் சுவர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் நன்றாக இருக்கிறது என்று பொருள். பால்போல் வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது. அந்தக் குழாயையே மாற்றிவிட வேண்டும்.

மரைகளில் கசிந்தால், இணைப்பைக் கழற்றி, பழைய டெஃப்ளான் டேப்பை முழுவதும் சுரண்டியெடுத்து, மரை இறுகும் திசையிலேயே புதிய டேப்பைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது அது பிரிந்துவிடும். வெந்நீர்ப் பாதையில் சாதாரண பி.வி.சி. குழாய் இருந்தால் ஒட்டுப்போட்டுக் காலம் கடத்தாமல், வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி.க்கு மாறிவிடுவது நல்லது. அதையும் குழாய் முற்றிலும் உலர்ந்த பிறகே அதற்குரிய பசையால் ஒட்ட வேண்டும்.

நீர் சொட்டாத கசிவும் உண்டு. வெந்நீர்க் குழாய் வழியில் ஓரிடத்தில் மேடாக ஏறி, பிறகு கீழ்க்கட்டிலுள்ள குளியலறைக்கு நெடுந்தூரம் இறங்குமானால், நீர் ஓடும்போது அந்த மேட்டில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையக்கூடும். அப்போது தளர்ந்த இணைப்பு நீரை வெளியே விடாமல் காற்றை உள்ளே உறிஞ்சும். துணியால் துடைத்துப் பார்த்தால் அங்கே எதுவும் தெரியாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காகக் குழாயை ஏற்றி இறக்கியிருக்கும் இடங்களின் இணைப்புகளை, ஈரம் இல்லாவிட்டாலும் புதிதாகப் பூட்டச் சொல்வது அதனால்தான்.

இனிக் காற்று. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, தண்ணீர் சூடாகும்போது குமிழியாகப் பிரியும். இது அன்றாடம் நடப்பதுதான், ஹீட்டர் தொட்டியிலிருந்து மேலே திறந்து நிற்கும் காற்றுப்போக்கியான வென்ட் குழாய் வழியாக அது போய்விடும். மாடித்தொட்டி வறண்டுபோனால் குழாய் முழுவதும் காற்று நிறைகிறது. மறுபடி நீர் ஏற்றும்போது தாழ்ந்த இடங்கள் நிரம்ப, மேடுகளில் காற்று சிறைப்படுகிறது. 1 மீட்டர் உயர நீருக்கு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோதான். மாடித்தொட்டி ஹீட்டரைவிடச் சற்றே உயரத்தில் இருக்கும் வீட்டில், ஒரு முழக் காற்றைத் தள்ளுவதற்குக்கூட அந்த வலு போதாமற்போகிறது.

முதலில் வென்ட் குழாயைப் பாருங்கள். அதன் வாய் மாடித்தொட்டியின் நீர்மட்டத்தைவிடக் குறைந்தது ஓர் அடியாவது உயர்ந்து, திறந்திருக்க வேண்டும். பூட்டிய வீடுகளில் குளவி அங்கே கூடு கட்டிவிடும். அடைபட்ட வென்ட் காற்றைத் தடுப்பதோடு நிற்பதில்லை: சூடேறும்போது ரப்பர் வளையங்களைப் பிதுக்கிக் கசிய வைக்கும், வெந்நீரை இழுக்கும்போது தொட்டியையே உள்ளொடுங்கச் செய்யும்.

வென்ட் சரியாக இருந்தும் வெந்நீர் வராவிட்டால், கீழேயுள்ள மிக்ஸர் குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, குளிர்நீர், வெந்நீர் இரண்டு திருகுகளையும் ஒருசேரத் திறந்து வையுங்கள். குளிர்நீர் வெந்நீர்ப் பாதையில் பின்னோக்கி ஏறி, சிறைப்பட்ட காற்றைச் சோலார் தொட்டிக்குள் தள்ள, அது வென்ட் வழியே வெளியேறும். ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, குளிர்நீரை மூடிப் பார்த்து, தேவையானால் இரண்டு மூன்று முறை செய்யலாம். மிக்ஸர் இல்லாவிட்டால் இரண்டு குழாய்களையும் ஒரு ரப்பர் ஹோஸால் இணைத்தும் செய்யலாம். வெந்நீர்ப் பாதையில் ஒருவழி வால்வு பொருத்தியிருந்தாலும், மேடு மாடித்தொட்டியின் நீர்மட்டத்தையே தாண்டியிருந்தாலும் இம்முறை பலிக்காது. அந்த மேட்டை எடுத்துவிட்டுக் குழாயை ஒரே சரிவாக அமைப்பது, அல்லது மேடு தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அதன் உச்சியில் ஒரு காற்றுக்குழாயைத் தொட்டி மட்டத்துக்கு மேலே நிறுத்துவது ஆகியவையே நிலையான தீர்வுகள்.

இவற்றையெல்லாம் அதிகாலையில் செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன். வறண்ட கண்ணாடிக் குழாய் வெயிலில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறும். ஒரு கலியாணத்துக்கு வந்த அவசரத்தில், முற்பகல் பதினொரு மணிக்குக் காலியான ஹீட்டருக்கு நான் நீரைத் திறந்துவிட, இரண்டு குழாய்கள் வெடித்துச் சிதறின. மாடியில் குழந்தைகள் யாரும் அப்போது இல்லாதது எங்கள் பாக்கியம்.

குளியலறையில் மின்சார கீசரும் இருந்தால் ஒரு செய்தி. அதன் தொட்டிக்குள்ளே துருவைத் தான் ஏற்றுக்கொள்ள ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், அதனால் உண்டாகும் ஹைட்ரஜன் வாயு உள்ளே சேரக்கூடும். வந்தவுடன் சுவிட்சைப் போடாமல், சன்னலைத் திறந்து, வெந்நீர்க் குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். சீறல் நின்று நீர் சீராக வரும்வரை அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது.

மறுபடி வீட்டைப் பூட்டும்போது இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். காவலுக்கு இருப்பவர் வாரம் ஒருமுறை மாடித்தொட்டியை நிரப்புவதாக இருந்தால் ஹீட்டரை நிறைந்த நிலையிலேயே விடலாம். அதற்கு வழியில்லையெனில் முழுவதும் வடித்துவிட வேண்டும். எப்படியானாலும் கண்ணாடிக் குழாய்களைக் கீற்றாலோ கனமான தார்ப்பாயாலோ மூடிக் கட்டுங்கள். வால்வு ஒவ்வொன்றின் அருகிலும் அது எதை மூடுகிறது என்று சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தால், அடுத்த படைப்புக்கு முதலில் வந்து சேரும் பங்காளி, யாரையும் தொலைபேசியில் எழுப்பாமல் வேலையைத் தொடங்கலாம்.