வன்னியில் சபை ரெண்டர் எடுப்பது எப்படி: கணக்குக் கிளையில் இருந்தவள் சொல்வது

ஓய்வு பெறும் வரை வன்னியில் உள்ளூராட்சி சபைகளின் கணக்குக் கிளைகளில்தான் என் காலம் போனது. வந்த உறைகளைப் பதிவது, திறக்கும் நாளில் விலைகளை வாசிப்பது, பிறகு கோவையில் கோத்து அலுமாரியில் வைப்பது எல்லாம் என் வேலை. இப்போது முள்ளியவளையில் வீட்டோடு இருக்கிறேன். ஹார்ட்வெயார் கடைக்காரர், ஒட்டுவேலைப் பட்டறை நடத்தும் தம்பி, அச்சகம் வைத்திருக்கும் தங்கச்சி என்று யாராவது படிவத்தோடு வருவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஆகக் குறைஞ்ச விலை நான்தான் போட்டனான், ஏன் எனக்குத் தரேல்லை?" கடதாசியைப் புரட்டிப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கும். விலையை ஒப்பிடுவதற்கு முன்னமே அவருடைய விலைமனு, அதாவது ரெண்டருக்கு விலை எழுதிக் கொடுத்த ஆவணம், தள்ளுபடியாகியிருக்கும்.

ரெண்டர் என்றதும் நம் ஆட்களுக்குத் தார் வீதியும் கட்டடமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு பிரதேச சபை வருடம் முழுவதும் வாங்கும் பொருட்களைப் பாருங்கள்: பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், படிவங்கள், கடதாசி, மை, உழவு இயந்திர ரயர், பற்றரி, எல்.ஈ.டி. வீதி விளக்கு, குழாய், விளக்குமாறு, கையுறை, தொழிலாளர் சீருடை, நூலகத்துக்குத் தளபாடம், கூட்டத்துக்குச் சிற்றுண்டி. கணினி திருத்தவும் வாகனம் திருத்தவும் ஆள் வேண்டும். கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, நெடுங்கேணிப் பக்கம் வவுனியா வடக்கு என்று எந்தச் சபைக்கும் இவை வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இதில் பிழை விட்டால் ஒரு பெட்டிக் கடதாசியோடு போகும். வீதியில் பிழை விட்டால் வீட்டு உறுதி வங்கிக்குப் போகும்.

முதலில் பதிவு

வியாபாரப் பெயரைப் பதியாமல் எதுவும் நடக்காது. பிரதேச செயலகத்தில் விசாரித்து அதை முதலில் முடியுங்கள். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுங்கள். வங்கிக் கணக்கு வியாபாரத்தின் பெயரில் இருக்கட்டும். பதிவில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர், விலைச்சிட்டையில் மூன்றாவது பெயர் என்று இருந்தால் காசோலை எழுதும்போது எல்லோருக்கும் தலையிடி.

அடுத்தது சபையின் வழங்குநர் பதிவு. வருடத்தின் கடைசி மாதங்களில், அடுத்த வருடத்துக்கான வழங்குநர்களையும் ஒப்பந்தகாரர்களையும் பதியும்படி அறிவித்தல் வரும். படிவத்தில் பொருட்களும் சேவைகளும் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு இலக்கம் இடப்பட்டிருக்கும். நீங்கள் உண்மையாகவே விற்கும் வகைகளுக்கு மட்டும் காசு கட்டுங்கள். கட்டணத்தைச் சபையில் காசு வாங்கும் சிறாப்பரிடம் செலுத்தி, பற்றுச்சீட்டின் பிரதியைப் படிவத்தோடு இணைக்க வேண்டும். அந்தக் காசு திரும்பி வராது. இது ஒவ்வொரு வருடமும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. போன வருடம் பதிந்தேன்தானே என்று இருந்துவிட்டு, மாசி மாதம் வந்து "எனக்கு விலை கேட்டுக் கடிதமே வரேல்லை" என்று கோபப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறிய கொள்வனவுகளுக்குப் பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை. பதிவுப் பட்டியலில் உள்ளவர்களிடம்தான் விலை கேட்பார்கள். பட்டியலில் இல்லாதவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

கட்டட, வீதி வேலை என்றால் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில், நம் ஆட்கள் சொல்வதுபோல் சீடாவில், பதிந்திருக்க வேண்டும். சி1 முதல் சி9 வரை தரம் உண்டு. இலக்கம் கூடக் கூட எடுக்கக்கூடிய வேலை சிறிதாகும். சி9 இல் இருந்துகொண்டு பெரிய வேலைக்கு விலை போட்டால் உங்கள் காசுக்கும் நேரத்துக்கும்தான் நட்டம். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளரிடம் பி.சி.ஏ. 3 படிவப் பதிவும் எடுக்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமல் நல்ல விலைமனுக்கள் விழுந்ததுண்டு.

அறிவித்தல் எங்கே வரும்

பெரிய வேலைகள் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். சபை, பிரதேச செயலகம், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் ஆகியவற்றின் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டுவார்கள். இப்போது பல சபைகள் தங்கள் முகநூல் பக்கத்திலும் போடுகின்றன. அரசின் புரொமிஸ் இணையத்தளத்தில் வழங்குநராகப் பதிவதும் நல்லது. ஆனால் அது வேறு, சபைப் பதிவு வேறு.

அறிவித்தல் வந்தபிறகு ஓடத் தொடங்கினால் காலம் போதாது. சபையின் வரவு செலவுத் திட்டம் மார்கழிக்குள் நிறைவேற வேண்டும், அதற்கு முன் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எந்த வட்டாரத்தில் மதகு, எந்தச் சந்தைக்குக் கூரை, எத்தனை விளக்கு என்று அதில் இருக்கும். போய் வாசியுங்கள். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். வருடாந்தப் பெறுகைத் திட்டத்தையும், அதாவது அந்த வருடம் சபை வாங்கப்போகும் பொருட்கள், வேலைகளின் பட்டியலையும், கேளுங்கள். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போன வருடம் அதே பொருளுக்கு என்ன விலையில் ஓடர் கொடுத்தார்கள் என்பதையும் இந்த வழியில் கேட்கலாம். அதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டவர்கள் அடுத்த முறை விலையை நிதானமாகப் போட்டார்கள்.

சின்னச் சின்ன உள்வீதி, வடிகால் வேலைகளில் பல கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றுக்கு நேரடியாகக் கொடுக்கப்படும். அதில் வியாபாரிக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். சங்கத்துக்குச் சீமெந்தும் கம்பியும் யாரோ கொடுக்கத்தான் வேண்டும், கொங்கிறீற் மிக்சரும் வாடகைக்கு வேண்டும். தலைவரையும் பொருளாளரையும் அறிந்து வைத்திருங்கள்.

உறைக்குள் என்ன இருக்க வேண்டும்

விலைமனு ஆவணத்தை வாங்கியதும் விலைப் பக்கத்துக்குப் போகாதீர்கள். விலைமனுதாரருக்கான அறிவுறுத்தல் என்ற பகுதியை முழுக்க வாசியுங்கள், தேநீர் குடித்துவிட்டு இன்னொரு தரம் வாசியுங்கள். விலைமனுக்களை மதிப்பிடும் குழு கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, உள்ளது, இல்லை என்று அடையாளம் போட்டுக்கொண்டு போகும். அந்தப் பட்டியல் அந்தப் பகுதியிலிருந்துதான் வருகிறது.

அதிகம் பேர் தவறவிடுவது விலைமனுப் பிணை, அதாவது போட்ட விலையிலிருந்து பின்வாங்க மாட்டேன் என்பதற்கான உத்தரவாதம். வங்கி உத்தரவாதம் என்றால் ஆவணத்தில் தந்திருக்கும் மாதிரிப்படியே வசனம் இருக்க வேண்டும். தொகை ஒரு ரூபாவும் குறையக் கூடாது. செல்லுபடியாகும் திகதி ஒரு நாளும் குறையக் கூடாது. வங்கி உத்தியோகத்தர் பழைய மாதிரியில் அடித்துத் தந்துவிடுவார், நீங்கள் வாசிக்காமல் உறையில் போட்டுவிடுவீர்கள். குழு அதைத் தள்ளினால் கெஞ்சிப் பயனில்லை, அவர்களுக்கும் கணக்காய்வு இருக்கிறது.

பிழையை மறைக்க ரிப்பெக்ஸ் வெள்ளை மை பூச வேண்டாம். பிழைத்தால் ஒரு கோடு வெட்டி, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். இலக்கத்தில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் வேறுபட்டால் வழக்கமாக எழுத்தில் உள்ளதே எடுக்கப்படும். அலகு விலையைப் பெருக்கினால் வருவதும் நீங்கள் போட்ட மொத்தமும் வேறுபட்டால் அலகு விலையை வைத்துத் திருத்துவார்கள். ஆகவே பி.ஓ.கியூவில், அதாவது அளவும் அலகு விலையும் எழுதும் பட்டியலில், ஒரு புள்ளி இடம் மாறினால் நீங்கள் நினைத்துப் பார்க்காத விலையில் வேலை உங்கள் தலையில் விழும். ஓர் உருப்படிக்கு விலை எழுதாமல் விட்டால், அந்தச் செலவு மற்ற விலைகளுக்குள் அடங்கியதாகக் கொள்ளப்படும். அதற்குத் தனியாகக் காசு கிடைக்காது.

இன்னொன்று. மூன்று கடைகளிடம் விலை கேட்டால், ஒரே முதலாளி மூன்று கடிதத்தலைப்பிலும் நிரப்பிக் கொண்டுவந்து தருவது நம் ஊரில் உள்ள பழக்கம். கிளையில் இருப்பவர்களுக்குக் கண் இல்லை என்று நினைக்கிறார்கள். ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப் பிழை, சில வேளை ஒரே தேநீர்க் கறை. உங்கள் பெயரை அப்படி யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள், கெட்டுப்போவது உங்கள் பெயரும்தான்.

உறையின் இடது மேல் மூலையில் வேலையின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். மூலப்பிரதி, நகல்பிரதி என்று கேட்டிருந்தால் தனித்தனி உறை. முடிவு நேரம் பிற்பகல் 2 மணி என்றால் 2 மணிதான். மாங்குளத்தில் பஸ் நின்றுவிட்டது என்பது எங்கள் மணிக்கூட்டுக்குத் தெரியாது. தூரத்தில் இருந்தால் முதல் நாளே கொண்டுவந்து பெட்டியில் போடுங்கள்.

திறக்கும்போது கட்டாயம் போய் இருங்கள். விலைமனு ஏற்கும் நேரம் முடிந்த உடனேயே, வந்தவர்கள் முன்னிலையில் திறந்து வாசிப்பார்கள். போட்டியாளர் யார், அவர்களின் விலை என்ன, யார் கழிவு கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் குறிப்பு உங்களுக்கு அடுத்த முறை உதவும். அப்போது வாசித்த ஆகக் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்று அர்த்தமில்லை, அதன் பிறகுதான் மதிப்பீடு.

விலை போடுவது

இங்கேதான் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம். சபையின் வருடம் தை முதல் மார்கழி வரை. காசு வந்து, அங்கீகாரம் கிடைத்து, விலைமனு கோரி, ஒப்பந்தம் கையெழுத்தாக ஆடி ஆவணி ஆகிவிடும். ஐப்பசியில் மாரி தொடங்கும். கிரவல் வீதியில் உருளை ஓட்ட முடியாது, குளத்துக்குக் கீழ்ப்பக்க வீதிகளுக்கு ரிப்பர் லொறியே இறங்காது. மார்கழி 31க்குள் வேலை முடிந்து பில் போக வேண்டும் என்று சபை நெருக்கும். தை முதல் பங்குனி வரை மழை விட்டாலும் காலபோக அறுவடை, உழவு இயந்திரமும் ஆட்களும் வயலில். ஆகவே கால அட்டவணையைப் பார்த்த பிறகே விலையைப் போடுங்கள். புரட்டாதிக்குள் மண் வேலையை முடிக்க முடியாது என்று தெரிந்தால் அந்த வேலையை விட்டுவிடுவதே கெட்டித்தனம்.

கிரவலும் மணலும் பக்கத்தில்தானே கிடக்கிறது என்று விலை போடுபவர்களும் உண்டு. அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி, ஏற்றி இறக்கவும் அனுமதி, இடம் காட்டோடு ஒட்டியிருந்தால் வனத் திணைக்களம். அனுமதியுள்ள இடத்திலிருந்து வேலைத்தலம் வரை எத்தனை கிலோமீற்றர் என்று மோட்டார் சைக்கிளில் போய் அளந்து, ஒரு கியூபுக்கு ஏற்றுக்கூலி போடுங்கள்.

வற் வரி 2024 தையிலிருந்து 18 சதவீதம். நீங்கள் அதற்குப் பதிந்திருந்தால் தனியாகக் காட்டுங்கள். பதியாவிட்டால் விலைச்சிட்டையில் அதைச் சேர்க்கவே கூடாது.

கையில் உள்ள காசையும் கணக்குப் பாருங்கள். பத்து இலட்சம் ரூபா வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலையைச் சரியாக முடிப்பேன் என்பதற்கான செயலாற்றுகைப் பிணை பொதுவாக 5 சதவீதம், அந்த ஐம்பதாயிரத்தை வங்கி முடக்கி வைக்கச் சொல்லலாம். பழுது வந்தால் திருத்துவதற்காகப் பில்லில் பிடித்து வைக்கும் ரிட்டென்சன் இன்னொரு 5 சதவீதம் வரை. ஆக ஒரு இலட்சம் உங்கள் கையில் இல்லை. மாகாண நிதியில் நடக்கும் வேலை என்றால், சபையின் தவறே இல்லாமல், மேலிருந்து கட்டுநிதி, அதாவது கொடுப்பனவுக்கான காசு, வரும் வரை பில் மேசையில் கிடக்கும். அந்தக் காலத்துக்கு ஆட்களின் சம்பளத்துக்கும் ஹார்ட்வெயார் கடனுக்கும் என்ன செய்வீர்கள்? வட்டிக்கு எடுத்துச் செய்த வேலையில் இலாபம் கண்டவர் யாரும் என் நினைவில் இல்லை.

ஆட்களைப் பிடிப்பது பற்றி

2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, 2025 வைகாசித் தேர்தல் வரை செயலாளர்கள்தான் நடத்தினார்கள். இப்போது மறுபடியும் தவிசாளரும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு வாசலில் வரிசையும் இருக்கிறது. உங்கள் வட்டார உறுப்பினரிடம் வீதி வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. ரெண்டரைத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அதைத் தீர்மானிப்பது பெறுகைக் குழு. உத்தியோகத்தருக்குச் "சந்தோசம்" கொடுப்பது 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் குற்றம். வேலை தெரிந்த கிளைக்காரருக்குப் பிடித்த வழங்குநர், கேட்ட பொருளைக் கேட்ட தரத்தில் கொண்டுவந்து களஞ்சியத்தில் எண்ணிக் கொடுத்து, பில்லை ஒழுங்காகத் தருபவர்தான்.

காசு எடுப்பது

பொருள் கொடுத்தால் களஞ்சியப் பொறுப்பாளர் இருப்புப் புத்தகத்தில் ஏற்றும் வரை நின்று கையெழுத்து வாங்குங்கள். கட்டுமான வேலை என்றால், மூடி மறையும் பகுதிகளைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்த பிறகே மூடுங்கள். அத்திவாரக் கம்பியைக் கொங்கிறீற் போட்ட பிறகு யாராலும் எண்ண முடியாது. கையடக்கத் தொலைபேசியில் திகதியோடு படமும் எடுத்து வையுங்கள். மேலதிக வேலை செய்யச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு வவுச்சர் எழுத முடியாது.

வேலை முடிந்ததும் ரிட்டென்சனில் பாதி வரும். மற்றப் பாதி பழுது பார்க்கும் காலம் முடிந்த பிறகு, வழக்கமாக ஒரு வருடம். அது தானாக வீட்டுக்கு வராது. வேலை முடிந்த சான்றிதழ் கையில் கிடைத்த அன்றைக்கே அந்தத் திகதியை நாட்காட்டியில் எழுதி வைத்து, அன்று ஒரு கடிதம் எழுதி, சான்றிதழ் பிரதியும் ஒப்பந்த இலக்கமும் வைத்து, தபால் பகுதியில் முத்திரை போட்டுப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.