முழங்கால் வினாத்தாளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரியும். படி இறங்கும்போது எவ்வளவு வலிக்கிறது என்பது தெரியாது. அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். அதற்காகவே ஈவா ரூஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998-ல் வெளியிட்டது 'கூஸ்' (KOOS) என்ற முழங்கால் வினாத்தாள். ஜவ்வு கிழிந்தவர், மூட்டு தேய்ந்தவர் இருவருக்கும் பொருந்தும். 42 கேள்விகள், சுமார் 10 நிமிடம்.

படி 1: தாளை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பெரும்பாலான கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. "இப்போது பரவாயில்லைதானே?" என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால், தாளில் விழுவது உங்கள் பதில்.

படி 2: ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். இடமிருந்து வலமாக 0, 1, 2, 3, 4. இங்கே 0 என்றால் தொந்தரவு இல்லை, 4 என்றால் மிக அதிகம். காலை முழுதாக நீட்ட, மடக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளில் மட்டும் 'எப்போதும்' என்பது இடப்பக்கம் முதலில் இருக்கும். குழம்ப வேண்டாம், அங்கேயும் முதல் கட்டம் 0 தான்.

படி 3: கேள்விகளைப் பிரியுங்கள். வலி 9, அறிகுறிகள் 7, அன்றாட வேலைகள் 17, விளையாட்டு 5, வாழ்க்கைத் தரம் 4.

படி 4: ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி எடுத்து, 25-ஆல் பெருக்கி, 100-லிருந்து கழியுங்கள். வலிப் பிரிவில் 8 கேள்விகளுக்குப் பதில் வந்து, கூட்டுத்தொகை 14 என்று வையுங்கள். சராசரி 1.75. பெருக்கினால் 43.75. கழித்தால் 56.25, அதாவது 56. கட்டங்களுக்கு நேர்மாறாக, இந்த இறுதி மதிப்பெண் 100 என்றால் தொந்தரவே இல்லை. 0 என்றால் மிக மோசம்.

சரி, அந்த ஒன்பதாவது கேள்வி? காலியாகவே இருக்கட்டும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். காலிக் கேள்விக்குக் கட்ட எண்ணாக 0 போட்டால் 'தொந்தரவு இல்லை' என்று நோயாளி சொன்னதாக ஆகிவிடும். வலிக்கிற முழங்கால் தாளில் குணமாகிவிடும்! ஒரு பிரிவில் பாதிக் கேள்விகளுக்காவது பதில் இருந்தால், இருப்பவற்றின் சராசரியே போதும். அதற்கும் குறைவா? அந்தப் பிரிவை விட்டுவிடுங்கள். குதிப்பது, ஓடுவது பற்றிக் கேட்கும் விளையாட்டுப் பிரிவைப் பலர் வெறுமையாகவே விடுவார்கள்.

அப்புறம், ஐந்தையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். நடக்கும்போது வலி இல்லாத ஒருவருக்கு மண்டியிட முடியாமல் இருக்கலாம். ஒரே எண்ணில் அது மறைந்துபோகும்.

படி 5: சிகிச்சைக்குப் பிறகு அதே வினாத்தாளை மறுபடி கொடுத்து, பிரிவு பிரிவாக ஒப்பிடுங்கள். 2, 3 புள்ளி ஏறியதற்கெல்லாம் மகிழ வேண்டாம். 8 முதல் 10 புள்ளி வரை மாறினால்தான் நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.