“தம்பி, அன்னைக்கு இங்க எந்தக் கொடி பறந்துச்சு?”

கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டிப் போய், புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். நவம்பர் வந்தால் அரசியலமைப்பு நாள் போட்டி. தேதி மறப்பது, பெயரை உளறுவது எல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும். நான் அடித்த கூத்தையே பிள்ளைகளும் வருஷா வருஷம் அடிப்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

“1950 ஜனவரி 26 அன்று, இதே மண்ணில் நம் அரசியலமைப்பு...”

கல்லூரி நாளில் புதுச்சேரி மேடை ஒன்றில் நான் முழங்கிய வரி இது. நல்ல கைதட்டல். நடுவரான பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன். பறந்தது பிரெஞ்சுக் கொடி. முதல் பரிசு போச்சு.

இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே 1954-க்குத் தாவுவார்கள். அதுவும் பாதிதான் சரி. புதுச்சேரிக்குப் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தது 1954 அக்டோபர் 18. நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1. நிலம் மட்டும் சட்டப்படி பிரான்சுடையதாகவே இருந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. நடுவில், 1961 டிசம்பரில், புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பில் இல்லை என்று நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது! 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டபூர்வ இணைப்பு. மாநிலங்களையும் ஒன்றியப் பகுதிகளையும் பட்டியலிடும், அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் ஊர் பெயர் ஏறியது 14-ஆவது திருத்தத்தால்.

வெளியூர்ப் பிள்ளை தப்பாகச் சொன்னால் போகட்டும். பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ தாத்தாவின் பென்ஷனில் வளர்ந்த பேரனும் அதே வரியை முழங்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் சறுக்கும் மற்ற இடங்கள் கீழே.

“அம்பேத்கர் தனியாளாக எழுதினார்”

அரசியலமைப்பு வரைவுக் குழுவில் ஏழு பேர். வேலைச் சுமை கடைசியில் அம்பேத்கர் தோளில்தான் விழுந்தது என்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர், அதே குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பெருமையில் பங்கு சபையின் ஆலோசகர் பி.என். ராவுக்கும் தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் உண்டு என்று சொன்னவர் அம்பேத்கர். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விழுங்காதீர்கள்.

முகப்புரை

‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ இரண்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் வந்தவை. 1949 வாசகம் என்று ஓதாதீர்கள்.

நவம்பர் 26

1949-இல் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட நாள். குடியுரிமை மாதிரி சில பிரிவுகள் அன்றே அமலாகின; மற்றவை ஜனவரி 26-இல்.

மேடையில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவது

வேண்டாம். கை நடுங்குவது தெரியும்.