போலிப் பொம்மைகளைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், டிசம்பர் 3 அன்று நிறைவுறும் கோட்டாறு சவேரியார் திருவிழா என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கூட்டம் கூடும் இடங்களிலெல்லாம் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் பொம்மைக் கடைகளும் முளைத்துவிடுகின்றன. புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பொம்மையைப் போலவே தோன்றினாலும் பெயரில் ஓரெழுத்து மாறி, நிறத்தில் சற்றுப் பிசகியிருக்கும் பொம்மைகளை அங்கே எளிதாகக் காணலாம். அத்தகைய போலிகளையே தேடித்தேடி வாங்கி, படமெடுத்து, இணையத்தில் பகிர்ந்து மகிழும் ரசிகர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களுடைய பற்றை நான் முழுமனத்தோடு மதிக்கிறேன். அசல் பொம்மை வாங்கும் வசதி இல்லாத வீடுகளில் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பதற்கு இந்தப் போலிகளே சான்று. ஆனால் போலி எது, எங்கே எப்போது வாங்கியது, யார் கைக்குப் போகக் கூடாதது என்பதையெல்லாம் அறிந்து பிரித்து வைக்கும் வரையில்தான் அது சான்றாக இருக்கும். அந்த அறிவில் நேரும் பிழைகளையே இங்கே எழுதுகிறேன்.

அசல் அல்லாத ஒவ்வொன்றையும் போலி என்று பட்டியலிடுவதே மிகப் பரவலான தவறு. லெகோ நிறுவனத்தின் பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று பொருந்தும் அந்தக் கட்டைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958இல் டென்மார்க்கில் பதிவானது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, கட்டையின் வடிவத்தையே வணிகக் குறியாகக் காத்துக்கொள்ள அந்நிறுவனம் முயன்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010இலும் அதை ஏற்கவில்லை. ஆகவே, தன் சொந்தப் பெயரில், தன் சொந்த வடிவமைப்பில், அதே அளவிலான கட்டைகளை விற்கும் நிறுவனத்தைப் போலி செய்பவர் என்று சொல்வது அநியாயம். லெப்பின் என்ற சீனப் பெயரில் வந்த பெட்டிகளின் கதை வேறு. அவை லெகோ வெளியிட்ட தொகுப்புகளையே நகலெடுத்தவை. 2019இல் ஷாங்காய் காவல்துறை அந்தத் தொழிலின்மீது நடவடிக்கை எடுத்தது, 2020இல் முதன்மைக் குற்றவாளிக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சேகரிப்பவரின் ஏட்டில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது.

இதன் மறுபுறம் இன்னும் வருத்தமானது. நம் நாட்டிலேயே முறையான உரிமம் பெற்றுத் தயாரான பொம்மைகளைப் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நிறுவனம் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் உரிமத்தோடு தயாரித்த ஜி.ஐ.ஜோ பொம்மை வீரர்களில் பலர், அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகளோடு வந்தவர்கள். லியோ மேட்டல் என்ற பெயரோடு இந்தியாவில் உருவான ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களும் அப்படியே. நிறம் மாறியிருப்பதைப் பார்த்தவுடன் போலி என்று முடிவுகட்டுவோர், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் நம் ஊர்ப் பொருளைக் கைநழுவ விடுகிறார்கள். பெட்டியிலும் அடிப்பாகத்திலும் உள்ள உற்பத்தியாளர் பெயரை முதலில் படியுங்கள். நிறத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

தொலைக்காட்சியில் இணைத்து விளையாடிய வீடியோ கேம் பெட்டிகள் இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி என்பது என் எண்ணம். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள் 1990களில் இந்திய வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. சிலவற்றின் மேலோடு, பின்னாளில் வந்த சோனி பிளேஸ்டேஷனைப் போல இருந்தாலும் உள்ளே இருந்தது பழைய 8 பிட் கருவிதான். கேசட்டின் மேலே பல்லாயிரம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள், உள்ளே சில விளையாட்டுகளே தொடக்க நிலை மாறித் திரும்பத் திரும்ப வரும். அந்த அச்சிட்ட எண்ணிக்கையை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றுவது தவறு. உண்மையில் எத்தனை தனித்தனி விளையாட்டுகள் இருக்கின்றன என்று ஓட்டிப் பார்த்து எழுதினால், அந்தக் குறிப்பு அடுத்தவருக்கும் பயன்படும்.

ஆண்டுக் கணக்கிலும் இதே கவனம் தேவை. ஹாட் வீல்ஸ் காரின் அடிப்பாகத்தில் உள்ள ஆண்டு அந்த வார்ப்பின் வடிவமைப்பு உரிமைக்கு உரியதே ஒழிய, உங்கள் கையில் உள்ள கார் தயாரான ஆண்டு அன்று. அசலையே அச்சாக வைத்து வார்க்கப்பட்ட போலியில் அந்த ஆண்டும் சேர்ந்தே பதிந்திருக்கும். இவ்வகை நகல்களைக் கண்டறிய நல்ல வழி ஒன்று உண்டு. வார்க்கப்பட்ட பொருள் ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாகவும், அதன் நுண்ணிய கோடுகள் மழுங்கியும் இருக்கும். ஒரு வெர்னியர் அளவியை எடுத்து அசலோடு ஒப்பிட்டு அளந்தால் கண் தவறவிட்டது தெரிந்துவிடும்.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு சொல்வதும் கூடாது. பாப் மார்ட் என்ற சீன நிறுவனத்தின் லபுபு பொம்மைக்கு 9 பற்கள் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாலேயே போலி செய்பவரும் எண்ணிப் பார்த்துச் சரியாக 9 பற்களை வைத்துவிடுகிறார். பல், தையல், பாதத்தில் உள்ள முத்திரை, பெட்டியின் அச்சுத் தரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இனி நான் மிகவும் அஞ்சுகிற தவறுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் வீட்டுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் அலமாரியைக் கண்டு ஆசைப்படும்போது, ‘மலிவான டூப்ளிகேட்தானே’ என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அசலை ஒளித்துவைத்துப் போலியைக் கொடுப்பது குழந்தையின் உடல்நலத்தைப் பொறுத்தவரை தலைகீழான முடிவு. சோதனைக்கு உட்படாத பொம்மையின் வண்ணப்பூச்சில் ஈயமும், மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அதை நெகிழவைக்கச் சேர்க்கும் தாலேட் சேர்மங்களும் வரம்பை மீறி இருக்கக்கூடும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கும்போது 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். எளிதில் கழன்றுவரும் கண்ணும் சக்கரமும் அந்த வகையைச் சேர்ந்தவை. ஒட்டுச் சரியில்லாத பொம்மையிலிருந்து உதிரும் சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிடக்கூடும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். போலி லபுபு பொம்மைகளால் குழந்தைகளுக்குத் தொண்டை அடைக்கும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது.

குழந்தைக்கு வாங்கும் பொம்மையும் சேகரிப்புக்கு வாங்கும் பொம்மையும் வேறு வேறு கொள்முதல் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தால் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644 என்பவை தர எண்கள். முத்திரையையும் போலியாக அச்சிட முடியும் என்பதால், அதன் அருகே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். சேகரிப்பில் உள்ளவற்றை, குறிப்பாக வண்ணம் உதிர்பவற்றை, பூட்டிய கண்ணாடி அலமாரியில் வையுங்கள். உதிரும் வண்ணத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், அந்தத் தூள் வீட்டுக் காற்றில்தான் கலக்கும்.

பராமரிப்பில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்கின்றன. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் பேட்டரி அறையின் சுருள்கம்பியும் காரின் அச்சும் விரைவில் துருவேறுகின்றன. பேட்டரியை உள்ளேயே விட்டுவைப்பது பெருந்தவறு. மட்டமான துத்தநாகக் கலவையில் வார்த்த கார்கள் ஈரமும் வெப்பமும் கூடினால் உள்ளிருந்தே விரிந்து விரிசல் விடும், அதற்கு மருந்து கிடையாது. மென்மையான பி.வி.சி. பொம்மையிலிருந்து நெகிழ்வூட்டும் பொருள் கசிந்து பிசுபிசுப்பாகும். அதைப் பாலிஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆன பொம்மையின்மேல் சாய்த்து வைத்தால் அந்தப் பொம்மையையும் உருக்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்து, அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அது ஈரம் உறிஞ்சியதும் மாற்றுவதே போதுமானது.

அட்டையையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். எழுத்துப் பிழையோடு கூடிய பெயர், வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டிய உருவம், கடைக்காரர் பேனாவால் எழுதிய விலை ஆகியவை அட்டையில்தான் இருக்கின்றன. எந்தத் திருவிழா, எந்த ஆண்டு, என்ன விலை என்று அன்றே எழுதி உடன் வையுங்கள்.

கடைசியாக, புதிய போலிகளை மொத்தமாக வாங்கி விற்பதும் மாற்றுவதும். பிறருடைய வணிகக் குறியைப் பொய்யாக இட்ட பொருளை விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. போலி என்று தெரிந்தே விற்பவர், ‘அறியாமல் விற்றேன்’ என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பழைய இரும்புக் கடையிலும் உறவினர் வீட்டுப் பரணிலும் கிடக்கும் பழைய போலிகளையே தேடுங்கள், அவற்றை வாங்குவதால் புதிய போலி எதற்கும் சந்தை பெருகுவதில்லை. விலை பேசாமல் நண்பருக்குக் கொடுக்கும்போதும், அது போலி என்பதையும் குழந்தைகளுக்கு உரியது அன்று என்பதையும் அழியாத மையால் ஒரு சீட்டில் எழுதி, பொம்மையோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.