ஒரே தேர்வா, இரண்டாகப் பிரித்தா?

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவை முன்பு முழுப் பாடத்துக்கும் ஒரே கூட்டுத் தேர்வாகவும் எழுதலாம், ஐசிஎன்டி 1, 2 என்று இரண்டு தேர்வாகப் பிரித்தும் எழுதலாம். 2020 பிப்ரவரியிலிருந்து 200-301 என்ற ஒற்றைத் தேர்வுதான். பழைய புத்தகத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கணினிப் பராமரிப்புக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழுக்கு இரண்டு தேர்வும் கட்டாயம். இரண்டும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும்; 220-1101 தேறியவருக்கு அடுத்த வரிசையின் 220-1202 சேராது. புது வரிசை வந்த பின் பழையது நிறுத்தப்படும்; எனவே முதல் தேர்வு முடிந்ததும் நீண்ட இடைவெளி விடவே வேண்டாம்.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும் சான்றிதழ் என்றால், துறைக்குப் புதியவர்கள் பிரித்தே எழுதுங்கள். கூட்டுத் தேர்வில் தவறினால் மொத்தப் பாடத்தையும் திரும்பப் படித்து, முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். /26 என்ற நெட்வொர்க் அளவைச் சொன்னதும் அதில் 62 ஹோஸ்ட் (இணைக்கக்கூடிய சாதனங்கள்) என்று யோசிக்காமல் சொல்பவர், தினமும் ஸ்விட்ச், ரூட்டரோடு வேலை பார்ப்பவர் தாராளமாகக் கூட்டுத் தேர்வுக்கே போகலாம்.