மகன் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்

போன மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பசாரில் ஓர் அக்காவைப் பார்த்தேன். மனநோயுள்ள மகனை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்கிறவர். கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் இருந்த பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் வந்து, "மகன் எப்படிக்கா இருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் "பரவாயில்லப்பா" என்றே பதில். அவருடைய இடது கணுக்கால் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் முதலில் மகனைத்தான் விசாரித்தேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்தார், இப்போது நான் பார்க்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களோடு பழகி, நல்ல எண்ணத்தோடுதான் எத்தனை தவறு நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் தூரம் அதிகமில்லை. 1911-இல் திறந்த அந்த மனநல ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஒரு காலத்தில் அங்கே போனவர்களில் பலர் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். இப்போது நிலைமை கொஞ்சம் சரியானதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மீதி எல்லாம் கிளினிக், மாத ஊசி, சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல நிலையம், அப்புறம் வீடு. இது நல்ல மாற்றம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வார்டில் மூன்று ஷிப்டுக்கு ஆள் மாறுவார்கள். வீட்டில் ஒரே ஆள்தான்.

அந்த ஒரே ஆளிடம் போய் நாம் செய்யும் முதல் தவறு, பழி சொல்வது. "நீ செல்லம் கொடுத்த, அதான்." "அப்பன் குடிச்சான், அதான்." வளர்ப்பினால் இந்த நோய் வருகிறது என்ற பேச்சை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. பரம்பரை, மூளையின் வேலை, வாழ்க்கையின் நெருக்கடிகள் என்று பலதும் சேர்ந்து வருவது இது. வீட்டுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு, வேறு விதத்தில். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950-களில் தொடங்கிய வேலை அது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களில் யாருக்கு நோய் மறுபடி வருகிறது என்று அவரும் பின்னால் வந்தவர்களும் கவனித்தார்கள். ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, மூச்சு விடாமல் பொத்திப் பொத்திப் பார்ப்பது, இவை மிகுந்த வீடுகளில் அதிகம் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம் என்று 1976-இல் வந்த ஆய்வு சொன்னது.

இதைப் படித்துவிட்டு "பாத்தியா, நீ கத்துறதாலதான்" என்று அம்மாவைக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லயத்து வீட்டில் இரண்டு அறை. ராத்திரி இரண்டு மணிக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு நடக்கிற மகனோடு வருடக்கணக்கில் இருந்தால் யாரும் கத்துவார்கள். அந்த 35 மணி நேரத்தை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்: இரண்டு பேருக்கும் இடைவெளி வேண்டும். தம்பி வாரத்தில் சில காலை மெந்தாரிக்குப் போகத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது. நோயைப் பற்றிக் குடும்பத்தையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பதும் பல நாடுகளில் நிரூபணமான விஷயம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கேளுங்கள்: "குடும்பத்துக்கு வகுப்பு இருக்கா?"

மாத்திரையை ஒளித்துக் கொடுப்பது இன்னொரு தவறு. ஓர் அம்மா இரண்டு கரண்டிக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கி, மிலோவில் போட்டு, அடியில் வெள்ளையாகத் தங்காமல் ரொம்ப நேரம் கலக்குவார். நாலு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் மகன் அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டான். ஏற்கனவே யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தவன். அதற்குப் பிறகு அம்மா கையால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கடையில் வாங்கிய பன் மட்டும்தான். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கை நடுக்கம், உட்கார முடியாத பரபரப்பு, உடம்பு பெருப்பது என்று அவர் மறுப்பதற்குக் காரணம் இருக்கும். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மாத ஊசிக்குப் போகலாம்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். செம்பனைக் காட்டில் வேர்த்து விறுவிறுத்து, தண்ணீர் குடிக்காமல், உடம்பு வலிக்கு இபுபுரோஃபென் மாதிரி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தைப்பூச விரதத்துக்கும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கோயிலுக்குப் போவதையோ பொமோ என்ற மலாய் மந்திர வைத்தியரைப் பார்ப்பதையோ நான் தடுப்பதில்லை. தடுத்தால் அந்தக் குடும்பம் அடுத்த முறை என்னிடம் சொல்லாமல் போகும். "அங்கயும் போங்க, மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க" என்பதோடு சரி.

"சோம்பேறி" என்ற சொல்லை வீட்டை விட்டே விரட்ட வேண்டும். பல் விளக்காமல், குளிக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் நோய்தான். இல்லாத குரல் காதில் கேட்பதைவிட இது குணமாக ரொம்ப நாள் பிடிக்கும்.

கிளினிக், ஆஸ்பத்திரி ஊழியர்கள் பக்கமும் தவறு உண்டு. ஒரு கிளினிக்கில் பதினோரு வயதுப் பெண் தன் அம்மாவுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் குரல் கேட்கிறதா, சாக வேண்டும் என்று சொன்னானா என்று மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "சாக" என்ற இடத்தில் அந்தப் பிள்ளை நிறுத்திக்கொண்டு தரையைப் பார்த்தது. அம்மா, "என்னடி கேக்குறாங்க?" என்று தோளை உலுக்கினார். பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்கவே கூடாது. தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போனால் போதும், அது நீங்களாகவும் இருக்கலாம். நோயாளியின் ரகசியம் என்று சொல்லி ஊழியர்கள் விவரம் தர மறுக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்பதில் ரகசியம் எதுவும் உடைவதில்லை. வீட்டில் பார்த்ததைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஓகேயூ அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டையை, எடுக்கத் தள்ளிப்போடாதீர்கள். மனநோய்க்கு இரண்டு வருடமாவது சிகிச்சை எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பிறகும் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று பல வீடுகளில் காத்திருக்கிறார்கள். சமூகநல இலாகாவின் உதவித்தொகைக்கு அந்த அட்டை வேண்டும். வேலை செய்துகொண்டிருந்தவர் என்றால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இயலாமை ஓய்வூதியத்தையும் விசாரியுங்கள்.

செத்துவிடுவேன் என்று சொன்னால் "சும்மா மிரட்டுறான்" என்று விடாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாத்திரையையும் களைக்கொல்லியையும் பூட்டி வையுங்கள். 2023-இல் சட்டம் மாறியது, தற்கொலைக்கு முயன்றவரை இப்போது குற்றவாளியாக்குவதில்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணில் பேசலாம், பார்த்துக்கொள்கிறவருக்கே தாங்க முடியாதபோதும்.

பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். "எதாச்சும் வேணும்னா சொல்லுங்கக்கா" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு முறையும் கேட்டதில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். இந்த முறை வேறு மாதிரி சொன்னேன்: "வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு வரேன். பன்னெண்டு வரைக்கும் உங்க வீட்டுல இருக்கேன். நீங்க காலைக் காட்டிட்டு வாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவனுக்குக் காப்பியில சீனி கம்மியா போடணும்" என்றார்.